எளிமையா வாழ முடிவு பண்ணிட்டீங்க தம்பி, ஆனா யாரோட செலவுல?

கேள்வி: எனக்கு வயசு 41. பசுமலைப் பக்கம் சொந்த வீடு, ஹவுசிங் லோன் ஓடுது. நான் பிரைவேட் கம்பெனில சூப்பர்வைசர், மனைவி திருமங்கலத்துல எய்டட் ஸ்கூல் டீச்சர், ரெண்டு பேருக்கும் சேத்து கைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வருது. பொண்ணு பத்தாவது, பையன் ஆறாவது. போன லெந்து காலத்துல, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, ஒரு கன்வென்ஷன் கூட்டத்துல ஆண்டவர் என்னோட பேசினார், தேவைக்கு மேல வச்சிருக்கோம்னு உணர்த்தினார். அதுல இருந்து காரை வித்துட்டேன், கேபிளை கட் பண்ணிட்டேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்காவை நிறுத்திட்டேன், நாலு சட்டை மட்டும் வச்சுக்கிட்டேன். டேர்ம் இன்சூரன்ஸ் இந்த வருஷம் கட்டல, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. ஊருல அம்மாவுக்கு அனுப்புற 4,000 ரூபாயை அண்ணன் பாத்துக்கட்டும்னு சொல்லிட்டு மிஷனரி ஊழியத்துக்கு மாத்தலாம்னு இருக்கேன். பொண்ணோட திடப்படுத்தல் (சபைல முதல் நற்கருணை எடுக்கற நாள்) விருந்து வேண்டாம்னுட்டேன். அவளை கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்துற எண்ணமும் இருக்கு. பிள்ளைங்க எதிர்காலத்துக்குன்னு செக்கானூரணி பக்கம் ரெண்டு பிளாட், காலி மனை, மட்டும் இருக்கு, அதுக்கு எடுத்த பர்சனல் லோன் ஓடிட்டிருக்கு. மனைவி பேசறதில்ல, "நீங்க சன்னியாசி ஆகணும்னா எங்களை ஏன் இழுக்கறீங்க"ன்னு கேக்குறா. மச்சினன் கேலி பண்றான். தத்துவ போதகர் இதே மதுரைல எப்படி வாழ்ந்தாரு, காந்தி இங்கதான் சட்டையைக் கழட்டினாரு, ஜே.சி.குமரப்பா கல்லுப்பட்டில குடிசைல இருந்தாரு, அவங்களுக்கெல்லாம் முடிஞ்சது எனக்கு ஏன் முடியல? இது விசுவாசமா பைத்தியக்காரத்தனமா? மனைவியை எப்படி சம்மதிக்க வைக்கிறது?

பதில்: தம்பின்னே கூப்பிடுறேன், என் வயசு அப்படி. நான் ஆயரும் இல்ல ஊழியக்காரியும் இல்ல, பேங்க்ல லோன் பிரிவுல இருந்து ரிடையர் ஆகி இப்ப குடும்பங்களோட வரவு செலவைப் பாத்து யோசனை சொல்றவ, அதனால விசுவாசமா பைத்தியக்காரத்தனமான்னு தீர்ப்பு எழுதறது என் வேலை இல்ல. ஆனா நீங்க அனுப்பியிருக்கறது ஒரு கணக்கு லிஸ்ட்டு, அதை எனக்குப் படிக்கத் தெரியும்.

ஆசை நல்ல ஆசைதான், அதுல சந்தேகமே வேண்டாம். மச்சினனை விடுங்க, அவரு இன்னும் எட்டு மாசத்துல வேற எதையாவது கேலி பண்ணுவாரு. போதுமென்கிற மனசோட இருக்கிற தேவபக்திதான் பெரிய ஆதாயம்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது பாதி பேரு வீட்டுல காலண்டர்ல தொங்குது, அதே காலண்டர்ல அஞ்சாந் தேதியை வட்டம் போட்டு EMI-ன்னு எழுதி வச்சிருப்போம். டிசம்பர்ல விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்க நிக்கிற கூட்டத்துல நம்ம சபை ஆளுங்க எத்தனை பேரு, தெற்கு ஆவணி மூல வீதில பிள்ளைக்கு நகை எடுத்துட்டு அதே வாரம் நகைக்கடனுக்கு வந்து நிக்கிறவங்க எத்தனை பேரு, அதெல்லாம் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்தவ நான். அப்படி இருக்க ஊருல ஒருத்தர் போதும்னு சொல்றாருன்னா அதுக்கே உங்களைப் பாராட்டணும்.

சரி, இப்ப லிஸ்ட்டுக்கு வரேன். நீங்க விட்டது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இதனால யாருக்கு குறைஞ்சுச்சுன்னு ஒரு பேரு எழுதிப் பாத்தேன். கார் போச்சு, அதை ஓட்டிட்டு ஸ்கூலுக்குப் போனது உங்க மனைவி. டவுன் பஸ் லேடீஸ்க்கு ஃப்ரீதான், ஆனா காலைல எட்டு மணிக்கு திருமங்கலம் போற பஸ்ஸுல நோட்டுக் கட்டோட ஏறிப் பாத்தாத்தான் தெரியும் அது எம்புட்டு ஃப்ரீன்னு. வேலைக்கு வந்த அக்காவை நிறுத்தினீங்க, குறைஞ்சது அந்த அம்மா வீட்டு வருமானம், கூடினது உங்க மனைவிக்கு ராத்திரி பாத்திரம். கேபிள் பிள்ளைங்களோடது. திடப்படுத்தல் விருந்து பொண்ணோடது. நாலாயிரம் அம்மாவோடது. இன்சூரன்ஸ் நீங்க உயிரோட இருக்கிற வரைக்கும் உங்களுக்கு பைசா பிரயோஜனம் இல்லாத விஷயம், அது முழுக்க மனைவி பிள்ளைங்களோடது. உங்க பேரு வர்றது நாலு சட்டைல மட்டும்தான், அதுலயும் துவைச்சு அயர்ன் பண்றது யாருன்னு நீங்க எழுதல, நானும் கேக்கல.

கோவப்படாதீங்க. நீங்க கெட்ட எண்ணத்துல பண்ணீங்கன்னு நான் நினைக்கல. ஆனா எளிமையா வாழறேன்னு முடிவு எடுக்கறதுலயே ஒரு அதிகாரம் இருக்கு, வீட்டு ஆம்பளைங்கிற அதிகாரத்தை வச்சுக்கிட்டு மத்தவங்க பங்கைத் தியாகம் பண்றது ரொம்ப சுலபம், அதுல பண்றவருக்கு வலிக்கவே வலிக்காது.

இன்னொண்ணு, நீங்க லெட்டர் கடைசிப் பக்கத்துல போற போக்குல எழுதினது. ஆண்கள் ஐக்கிய ஞாயித்துக்கிழமை ஆராதனைல சாட்சி சொன்னீங்க, இன்சூரன்ஸைக் கூட விட்டுட்டேன் ஆண்டவர் பாத்துக்குவார்னு, சபையே அல்லேலூயா சொல்லுச்சு. உங்க மனைவி பெண்கள் பக்கம் உக்காந்து அந்த விஷயத்தை முதமுதலா மைக்ல கேட்டிருக்காங்க. தம்பி, அவங்க பேசாம இருக்கறதுக்கு நீங்க கார்னு நினைக்கறீங்க, நான் அந்த மைக்குனு நினைக்கிறேன். வலது கை செய்யறது இடது கைக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னது தர்மத்தை ஊருக்குச் சொல்லாதீங்கன்னு, ஊருக்குச் சொல்லி வீட்டுக்குச் சொல்லாதீங்கன்னு இல்ல.

நீங்க எடுத்துக்காட்டு சொன்ன பெரியவங்களைப் பத்தி கொஞ்சம் பேசணும், ஏன்னா எனக்கும் அவங்க மேல மரியாதை உண்டு, அதுலயும் குமரப்பா எங்க கணக்குக்கார ஜாதி. தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நோபிலி சாமியார், 1606ல மதுரைக்கு வந்தாரு, காவி கட்டினாரு, கறி மீனை விட்டாரு, ஒரு வேளை சாப்பாடு. அவரு சேசு சபைத் துறவி. குமரப்பா 1892ல தஞ்சாவூர்ல கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்தவரு, லண்டன்ல கணக்குப் படிச்சு ஆடிட்டரா பம்பாய்ல நல்லா சம்பாதிச்சவரு, 1929ல காந்தியைப் பாத்த பிறகு கோட்டு சூட்டை விட்டுட்டு கதர் கட்டி, கடைசி வருஷங்கள்ல நம்ம டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துல வந்து இருந்து, 1960 ஜனவரி 30, காந்தி செத்த அதே தேதில போய்ச் சேந்தாரு. அவரு கல்யாணமே பண்ணிக்கல. நாம எளிமைக்கு உதாரணம்னு சொல்ற ஆளுங்கள்ல முக்காவாசி பேரு இப்படித்தான், ஒண்டிக்கட்டை. அவங்க ஒரு வேளை சாப்பாட்டைக் குறைச்சா ஒரு வயிறுதான் காயும், நீங்க குறைச்சா நாலு வயிறு, ஊருல அம்மாவோட சேத்தா அஞ்சு.

கல்யாணம் ஆன காந்தியைச் சொல்றீங்க. சரி, 1921 செப்டம்பர்ல இங்கதான் சட்டையைக் கழட்டினாரு, மேலமாசி வீதில அந்த இடத்தை எல்லாரும் காட்டுவாங்க. ஆனா அதுக்கு இருபது வருஷம் முன்னாடி, 1901ல தென்னாப்பிரிக்காவுல இருந்து கிளம்பும்போது வந்த பரிசு நகையை எல்லாம் பொதுக் காரியத்துக்குக் குடுக்கணும்னு அவரு நின்னப்ப, கஸ்தூர்பா அழுது சண்டை போட்டது அம்புட்டு பேசப்படறதில்ல. அந்த நெக்லஸ் எனக்குக் குடுத்தது, நாளைக்கு மருமகள்கள் வருவாங்க, பசங்களை இப்பவே சாமியாராக்கப் பாக்குறீங்களேன்னு கேட்டாங்க. உங்க வீட்டுல கேட்ட அதே கேள்வி. அந்த நகை போனதுதான் போச்சு, ஆனா அதுல கஸ்தூர்பா பக்கம் நியாயமே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது.

அதனால குடும்பஸ்தனுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும். பேதுருவுக்கு மாமியார் இருந்தாங்க, ஜுரம் வந்தப்ப ஆண்டவரு போய்க் கையைப் பிடிச்சுத் தூக்கினாரு. பேதுரு ஊழியத்துக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிட்டுப் போனாருன்னு பவுல் எழுதறாரு. வரி வசூல் பண்ணின பணக்காரர் சகேயு இருக்காரு, அவருகிட்ட எல்லாத்தையும் வித்துட்டு வான்னு ஆண்டவரு சொல்லவே இல்ல, பாதியை ஏழைங்களுக்குக் குடுக்கறேன், ஏமாத்தி வாங்கினதுக்கு நாலு மடங்கு திருப்பித் தரேன்னு அந்த மனுஷனே எந்திரிச்சு சொல்றாரு. கவனிங்க, யாருக்கு என்ன பாக்கிங்கிறதை அவரு சேத்தே சொல்றாரு.

பாக்கின்னதும் உங்க அம்மா விஷயம். இதுல எனக்குக் கோவம்தான் வந்துச்சு, மறைக்கல. மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்து வச்சுப் படிங்க, கொர்பான்னு வரும். அம்மா அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை, இது தேவனுக்குக் காணிக்கைன்னு சொல்லிட்டு செய்யாம விடுறவங்களை ஆண்டவரு எப்படித் திட்டுறாருன்னு பாருங்க. சிலுவைல தொங்கும்போதும் அம்மாவை யோவான் கையில ஒப்படைச்சுட்டுத்தான் போனாரு. நீங்க நாலாயிரத்தை மிஷனரி ஊழியத்துக்கு மாத்தறது அட்சரம் பிசகாம அந்த கொர்பான்தான். அண்ணன் பாத்துக்கட்டும்னா அண்ணன்கிட்ட கேட்டீங்களா, அம்மாகிட்ட கேட்டீங்களா? அந்த வயசுல மாத்திரை வாங்கற காசு நின்னு போச்சுன்னா மகன்கிட்ட கேக்கக் கூசிட்டு மாத்திரையைத்தான் ஒண்ணு விட்டு ஒரு நாள் போடுவாங்க, எனக்குத் தெரியும். அனுப்புங்க, முடிஞ்சா ஐநூறு கூட்டி அனுப்புங்க.

இப்ப நீங்க ஒத்தை வரில தாண்டிப் போன அந்த ரெண்டு பிளாட். பர்சனல் லோன் 6 லட்சம், 14 சதவீதம், அஞ்சு வருஷம்னு எழுதியிருக்கீங்க, மாசம் பதிநாலாயிரம் சுத்தமா போகுது, அஞ்சு வருஷம் முடியும்போது வட்டி மட்டும் ரெண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல கட்டியிருப்பீங்க. கேபிள் மாசம் முன்னூறு ரூபாயை வெட்டின கை இதை ஏன் தொடல? பிள்ளைங்க எதிர்காலம்னு சொல்றீங்க, ஆனா அதே பிள்ளைங்க எதிர்காலத்துக்கு இருந்த இன்சூரன்ஸுக்கு மட்டும் ஆண்டவர் பாத்துக்குவாருன்னுட்டீங்களே, பிளாட்டை ஏன் அவரு பாத்துக்க மாட்டாரா? உங்க பொக்கிஷம் எங்க இருக்கோ அங்கதான் மனசும் இருக்கும்னு ஆண்டவரு சொன்னதுக்கு உங்க லெட்டர்ல விலாசமே இருக்கு தம்பி, செக்கானூரணி. அந்த வாலிபன் ஒருத்தன் வந்தானே, கற்பனை எல்லாம் கைக்கொண்டேன் இன்னும் என்ன குறைவுன்னு கேட்டு, அவன்கிட்ட ஆண்டவரு கேட்டது அவன் எதைப் பத்தி பேச வரலையோ அதைத்தான், அவனோட சொத்தை.

என் கணக்குப்படி ஒண்ணரை வருஷம் கட்டியிருக்கறதால லோன் பாக்கி நாலு லட்சத்து அறுபதாயிரம் சுமாருக்கு நிக்கும். ஒரு பிளாட்டை வித்தா அநேகமா முழுசா அடைஞ்சிடும். முன்கூட்டியே அடைக்கறதுக்கு பேங்க்ல சார்ஜ் எவ்வளவுன்னு சாங்ஷன் லெட்டர்ல பாருங்க. வாங்கி 24 மாசம் ஆகறதுக்குள்ள நிலத்தை வித்தா வர்ற லாபம் உங்க சம்பளத்தோட சேந்து டேக்ஸ் ஆகும், லாபம் பெருசா இல்லேன்னா அதுக்காகக் காத்திருக்காதீங்க, மாசா மாசம் போற வட்டி அதைத் தின்னுடும். மாசம் பதிநாலாயிரம் கைக்கு வந்துச்சுன்னா அம்மா நாலாயிரம், வேலைக்கார அக்கா சம்பளம், இன்சூரன்ஸ் மாசக் கணக்குக்கு ரெண்டாயிரம் எல்லாம் போக ஊழியத்துக்கும் மீதி இருக்கும், யாரு வயித்துலயும் கை வைக்க வேண்டாம். அன்பைத் தவிர வேற ஒண்ணுலயும் யாருக்கும் கடன்படாதிருங்கள்னு ரோமர்ல இருக்கற வசனத்தை எல்லாரும் பிரசங்கத்துல கேக்கறோம், லோன் பாஸ்புக்கைத் திறந்து வச்சு யாரும் படிக்கறதில்ல.

வேலைக்கு வந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்க. நாமளே பாத்திரம் விளக்கறதுதான் எளிமைன்னா நீங்க விளக்குங்க, அப்ப ஒத்துக்கறேன். ஆனா அந்த அம்மாவுக்கு உங்க வீடு ஒரு சம்பளம், அது நின்னா வேற வீடு கிடைக்கிற வரைக்கும் அரிசிக்கு எங்க போவாங்க, அதையும் யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

திடப்படுத்தல் விருந்து. இதுல உங்க பக்கமும் நியாயம் இருக்கு, பிள்ளை முதமுதலா நற்கருணை எடுக்கற நாளை ஃபிளெக்ஸ் போர்டும் முந்நூறு பேரு பிரியாணியுமா ஆக்கறது எனக்கும் பிடிக்காது. ஆனா நம்ம மதுரைப் பக்கம் மொய்னு ஒண்ணு இருக்கே. உங்க மனைவி கல்யாணம் ஆன நாள்ல இருந்து காதுகுத்து, சடங்கு, வீட்டுப் பிரதிஷ்டைன்னு எல்லா வீட்டுக்கும் போய் எழுதியிருப்பாங்க, அதுல பாதி அவங்க சம்பளம், அந்த நோட்டு பீரோல இருக்கும். ஒரு விசேஷமும் வைக்காம மொய்யும் வேண்டாம்னு நீங்க பெருந்தன்மையா சொல்றது அவங்களுக்கு வர வேண்டியதைத் தள்ளுபடி பண்றது. அவங்களே சரி போகட்டும் விடுங்கன்னு சொன்னா அது வேற, அவங்க எழுதின மொய், அவங்க விடலாம். பிள்ளைகிட்டயும் கேளுங்க, பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரு வெள்ளை டிரெஸ்ஸும் கூடப் படிக்கிற பத்து பேரும் வீட்டுல சாப்பிட்டாலே போதும்னு கூட சொல்லலாம், நாம கேட்டாத்தானே. ஒண்ணு சொல்றேன், கிறிஸ்துமஸுக்கு தெருவுல பலகாரம் குடுக்கறதை மட்டும் எளிமைன்னு சொல்லி நிறுத்திடாதீங்க, தீபாவளிக்கு அவங்க வீட்டுத் தட்டு வந்திருக்கும், தட்டை வெறுமனே திருப்பிக் குடுக்கறது நம்ம ஊரு வழக்கம் இல்ல.

ஸ்கூல். பத்தாவது படிக்கிற பிள்ளையை நடு வருஷத்துல மாத்தாதீங்க. அம்புட்டுதான். பதினொண்ணாவதுக்கு கவர்மென்ட் ஸ்கூல்னா தாராளமா போகட்டும், அவளும் உங்க மனைவியும் போய்ப் பாத்துட்டு வரட்டும், அவங்க டீச்சர், உங்களை விட அவங்களுக்குத் தெரியும்.

மனைவியை எப்படி சம்மதிக்க வைக்கிறதுன்னு கேட்டீங்க. சம்மதிக்க வைக்கிற வேலையே வேண்டாம். குமரப்பாவைப் பத்தி ஒரு விஷயம் சொல்றேன், 1934ல பீகார் பூகம்ப நிவாரண நிதிக்கு கணக்கு பாத்தது அவருதான், காந்தியும் கூட வந்தவங்களும் அங்க வந்து தங்கினப்ப அந்தச் செலவை நிவாரண நிதில எழுத மாட்டேன்னுட்டாரு, இது கஷ்டப்படறவங்களுக்கு வந்த காசுன்னு. காந்திக்கே அப்படி. யாரோட காசுல யாரு நல்ல பேரு வாங்கறதுன்னு அவருக்கு தெளிவா தெரிஞ்சிருந்துச்சு. நீங்களும் அந்தக் கணக்குல இருந்து ஆரம்பிங்க. உங்க சம்பளத்துல உங்களுக்குன்னு மட்டும் ஆகற செலவு என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க, ஃபோன், பெட்ரோல், வெளில சாப்பிடுற டீ வடை, பிளாட் EMI, எல்லாம். அதுல மட்டும் கத்திரி போடுங்க. பொதுச் செலவு எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் உக்காந்து பேசாம ஒரு ரூபா குறைக்காதீங்க. பேச உக்காரும்போது உங்க லிஸ்ட்டை வெளில எடுக்காம, உனக்கு இந்த வீட்டுல எது வேண்டாம்னு தோணுதுன்னு அவங்ககிட்ட முதல்ல கேளுங்க. டீச்சர் சம்பளத்துல குடும்பம் ஓட்டற பொம்பளைங்ககிட்ட அந்த லிஸ்ட்டு எப்பவோ ரெடியா இருக்கும், அதுல முத ஐட்டம் அந்த பிளாட்டா இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஐக்கியத்துல சாட்சி சொல்றதைக் கொஞ்ச நாளைக்கு ஒத்தி வைங்க.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதல்ல உக்காந்து செலவுக் கணக்கு பாக்க மாட்டானான்னு லூக்கால ஆண்டவரே கேக்குறாரு, அதனால கணக்கு பாக்கறது அவிசுவாசம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எகிப்துல யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்கை சேத்து வச்சாரே, அதுவும் நாளைக்கான ஏற்பாடுதான், அதை தேவன் காட்டின வழின்னுதான் ஆதியாகமம் சொல்லுது. கவலைப்படாதிருங்கள்னு சொன்னது உங்களுக்கு, உங்க மனைவி தலையில கவலையை ஏத்தி வச்சுட்டு நீங்க நிம்மதியா தூங்கறதுக்கு இல்ல.

அதனால எல்லாத்துக்கும் முன்னாடி அந்த இன்சூரன்ஸ். ட்யூ தேதி போன மாசம் 12ன்னு எழுதியிருக்கீங்க. வருஷ பிரிமியத்துக்கு கிரேஸ் பீரியட், அதாவது ட்யூ தேதி தாண்டியும் கட்டறதுக்குக் குடுக்கற அவகாசம், பொதுவா 30 நாள், இதைப் படிக்கிற அன்னிக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் மிச்சம் இருக்கலாம். அதைத் தாண்டிட்டா பாலிசி லேப்ஸ் ஆயிடும், திரும்ப ரிவைவ் பண்ணலாம்தான், ஆனா வட்டி கேப்பாங்க, உடம்பு எப்படி இருக்குன்னு புது டிக்ளரேஷன் கேப்பாங்க, மெடிக்கல் டெஸ்ட்டும் கேக்கலாம், உங்களுக்கு சுகர் பார்டர்ல இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப பிரிமியத்தை ஏத்துவாங்க, இல்ல முடியாதுன்னே சொல்லிடுவாங்க. ஃபோன்லயே கட்டலாம், அஞ்சு நிமிஷ வேலை. கட்டிட்டு ரசீதை மனைவி நம்பருக்கு அனுப்பி விடுங்க, நாமினி பேரு சரியா இருக்கான்னும் அப்படியே பாத்துக்கோங்க. பிளாட் பேப்பரும் லோன் ஸ்டேட்மென்ட்டும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமா வந்தீங்கன்னா மத்ததைப் பேசலாம், ஒத்தையா வராதீங்க.